காருக்கு ஜி.பி.எஸ். பெட்டி: ஆறங்குலமா, ஏழா, எட்டா?

12 அக்டோபர் 2023, கேள்வி

கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் இருக்கிறேன். கார் 2012 மாடல், டேஷ்போர்டில் ரேடியோவைத் தவிர ஒன்றும் கிடையாது. வார நாளில் ஓக்லாண்ட் பக்கம் வேலை. லீவு வந்தால் குடும்பத்தோடு மலை, பாலைவனம் என்று கிளம்பிவிடுவோம். உயர்ந்த ரகத்தில் ஒரு ஜி.பி.எஸ். வாங்கலாம் என்று பார்க்கிறேன். முந்நூறு நானூறு டாலர் ஆனாலும் சரி. ஆபீஸில் சொன்னால், போன் இருக்கும்போது அது எதற்கு என்கிறார்கள். வாங்கலாமா? வாங்கினால் எந்த சைஸ்?

12 அக்டோபர் 2023

ஓக்லாண்ட் போய் வர மட்டும் என்றால் வாங்காதீர்கள். நெரிசலில் எந்த வழி வேகம் என்று சொல்வதில் போனை எந்தப் பெட்டியும் எட்டிப் பிடிக்க முடியாது. ஜி.பி.எஸ். கம்பெனியான கார்மின் 2005ல் நூவி என்ற பெட்டியைக் கொண்டுவந்த காலம் வேறு. 2009 அக்டோபரில் கூகுள் தன் வழிகாட்டியைப் போனில் இலவசமாகத் தரப்போவதாக அறிவித்ததும் கார்மின், அதன் போட்டிக் கம்பெனி டாம்டாம் இரண்டின் பங்கு விலையும் விழுந்தது. நகரத்துக்குள் அந்தப் போட்டி அன்றே முடிந்துவிட்டது.

மலை, பாலைவனம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் பதில் எழுதுகிறேன். நான் 2008லிருந்து பெட்டி வைத்து ஓட்டுகிறவன். இப்போது இருப்பது மூன்றாவது, ஏழங்குலம். நாட்டின் மொத்த மேப்பும் அதன் வயிற்றுக்குள் இருக்கிறது. சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லாத இடத்தில் தப்பான வழியில் இறங்கினாலும் மறு நிமிடம் புது வழி போட்டுத் தரும். பக்கத்தில் கேஸ் ஸ்டேஷன் (பெட்ரோல் பங்க்) எங்கே என்று கேட்டால் சொல்லும்.

போனிலும் மேப்பை முன்கூட்டியே இறக்கி வைக்கலாம்தான். கூகுள் மேப்பில் அப்படி இறக்கினால் வழி சொல்லும், ஆனால் மாற்று வழிகளும் எந்த லேன் என்ற குறியும் கிடைக்காது. அதோடு முந்தின ராத்திரி ஞாபகமாக இறக்க வேண்டும். குழந்தைகளுக்கு ஸ்வெட்டர் எடுத்து வைக்கும் அவசரத்தில் நான் இரண்டு முறை மறந்திருக்கிறேன்.

13 அக்டோபர் 2023

ஒன்று விட்டுப்போயிற்று. 65 மைல் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 95 அடி ஓடுகிறது. போனைக் கப் ஹோல்டரில் போட்டுவிட்டுக் குனிந்து பார்க்க இரண்டு நொடி என்றால் 190 அடி கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதாகக் கணக்கு. போனையும் ஸ்டாண்டில் வைக்கலாமே என்பீர்கள். வைக்கலாம். ஆனால் அதே போனில் அழைப்பு வரும், வாட்ஸப்பில் ஊர் குரூப் குதிக்கும், பின்சீட்டிலிருந்து பாட்டு மாற்றச் சொல்வார்கள். எக்ஸிட் வரும் நேரத்தில் சித்தப்பாவின் காலை வணக்கம் மேப்பை மறைத்து நின்ற அன்றுதான் நான் முடிவு செய்தேன், வழி காட்டுகிற திரைக்கு வேறு வேலை இருக்கக் கூடாது என்று.

15 அக்டோபர் 2023

சைஸ் பற்றி. முதலில் கலிபோர்னியா சட்டத்தைப் பாருங்கள், வாகனச் சட்டப் பிரிவு 26708. முன்கண்ணாடியான விண்ட்ஷீல்டில் ஜி.பி.எஸ். ஒட்ட இரண்டு மூலைகளுக்குத்தான் அனுமதி. ஓட்டுநருக்குத் தள்ளி உள்ள கீழ்மூலையில் ஏழங்குலச் சதுரம், ஓட்டுநர் பக்கக் கீழ்மூலையில் ஐந்தங்குலச் சதுரம். ஏர்பேக் விரியும் இடத்திலும் இருக்கக் கூடாது.

இப்போது கணக்குப் போடுங்கள். ஆறங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு. குறுக்கே சுமார் ஐந்தே கால் அங்குலம், விளிம்பைச் சேர்த்தால் இன்னும் கூடும். ஓட்டுநர் பக்க மூலைக்கு ஆறங்குலமே அடங்காது. ஏழங்குலத் திரை குறுக்கே சுமார் ஆறு, ஓட்டுநருக்குத் தள்ளி உள்ள மூலையில் அடங்கிவிடும். எட்டங்குலம் விளிம்போடு ஏழைத் தாண்டிவிடும், கண்ணாடியில் ஒட்ட வழியே இல்லை. டேஷின் மேல் உட்காரும் கனமான மணல்மூட்டை ஸ்டாண்ட் வாங்கி வைக்க வேண்டும். நான் ஏழங்குலத்தையும் அந்த ஸ்டாண்டில்தான் வைத்திருக்கிறேன். வளைவில் நகராது, கண்ணாடியில் வட்டத் தழும்பும் இல்லை.

கார்மின் டிரைவ்ஸ்மார்ட்டில் 66, 76, 86 என்று இருப்பது ஆறு, ஏழு, எட்டு அங்குலம்தான். எட்டு பார்க்கக் கம்பீரமாக இருக்கும். உங்கள் காரின் டேஷ் தாழ்வாக இருந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் சாலையின் ஒரு துண்டை அது மறைக்கும். அட்டையை அந்த அளவுக்கு வெட்டி டேஷில் நிற்க வைத்து ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். நான் அப்படித்தான் எட்டை விட்டேன்.

15 அக்டோபர் 2023, இரவு

"ஆறு போதாதா, ஐம்பது டாலர் மிச்சமாகுமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உங்கள் வயது என்ன? எனக்கு 48, வெள்ளெழுத்து வந்துவிட்டது. படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காரோட்ட முடியாது. ஃப்ரீவே பிரியும் இடத்தில் திரை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியில் மேப்பும் மறு பாதியில் லேன் படமும் வரும். ஆறங்குலத்தில் அந்தப் பாதி ஒரு தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. 35 வயதில் நான் ஐந்தங்குலத்தில் சமாளித்தவன்தான். இன்று ஏழுக்குக் கீழே யாருக்கும் சொல்ல மாட்டேன்.

3 நவம்பர் 2023

கேள்வி கேட்டவர் ஏழே வாங்கிவிட்டார். சந்தோஷம். "முதல் நாள் பத்து நிமிடம் ஆகியும் இடத்தைக் கண்டுபிடிக்கவில்லை, பழுதா?" என்கிறார். பழுதில்லை. செயற்கைக்கோள் தன் தகவலை நொடிக்கு 50 பிட் வேகத்தில்தான் அனுப்புகிறது. ஒரு கோள் தன் சொந்தப் பாதையைச் சொல்லவே அரை நிமிடம் வேண்டும். எல்லாக் கோள்களின் பட்டியலும் வந்து சேர 12.5 நிமிடம். போன் இந்த விவரத்தை இணையத்திலிருந்து சட்டென்று எடுத்துக்கொள்கிறது, பெட்டி வானத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறது. வெட்டவெளியில் நிறுத்திக் கால் மணி நேரம் விடுங்கள். மறுநாளிலிருந்து ஸ்டார்ட் செய்து பெல்ட் போடுவதற்குள் பிடித்துவிடும்.

எதிரொளிக் கூச்சத்தைக் குறைக்கும் போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போடுகிறவரா? போட்டுக்கொண்டு திரையைப் பாருங்கள், தலையைச் சாய்த்தும் பாருங்கள். சில திரைகள் கறுத்துவிடும். என் இரண்டாவது பெட்டி அப்படி. கடையின் டியூப்லைட்டில் அது தெரியவில்லை, வாங்கி வந்த பிறகு மத்தியான வெயிலில்தான் தெரிந்தது.

2 டிசம்பர் 2023

நான் புகழ்ந்து எழுதிய பெட்டியைப் பற்றி இப்போது ஒரு குறை. ஒரு மாதமாக அடிக்கடி சிக்னல் போகிறது. போன வாரம் ஓக்லாண்டுக்குக் கிழக்கே மலையைக் குடைந்து போட்ட கால்டிகாட் சுரங்கத்தில் நுழைந்தபோது போயிற்று, அது இயல்பு. காரோடு வருகிற நேவிகேஷனுக்குச் சக்கரத்தின் சுழற்சி தெரியும், சுரங்கத்துக்குள்ளும் அளந்துகொண்டே போகும். தனிப் பெட்டி கடைசி வேகத்தை வைத்துக்கொண்டு ஊகத்தில் போகிறது. ஆனால் வெளியே வந்து ஓக்லாண்ட் பக்கம் இறங்கியும் அரை நிமிடம் மேலே காரை வேறு எங்கோ காட்டியது. 13ஆம் எண் சாலைக்கான எக்ஸிட் சுரங்கம் முடிந்ததும் வந்துவிடும். தவறவிட்டேன். மலைச் சாலையிலும் இதே கதை. பெட்டிக்குள் சிக்னலை வாங்கும் ரிசீவரே மட்டம் என்று தோன்றுகிறது.

போனின் ரிசீவர் இதைவிட நல்லது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2018லிருந்தே சில போன்களில் இரண்டு அலைவரிசை வாங்கும் சிப் வந்துவிட்டது. உயரக் கட்டடங்களில் பட்டுத் திரும்பும் பொய் சிக்னலைத் தள்ளிவிட அது உதவும். பெட்டி வாங்குகிறவர்கள் விவரப் பட்டியலில் இதைத் தேடிப் பாருங்கள்.

9 டிசம்பர் 2023

போன வாரம் எழுதியதைத் திருத்துகிறேன். ரிசீவரின் மேல் தவறில்லை.

சனிக்கிழமை காலை காரை வீட்டு வாசலில் நிறுத்தி, பெட்டியில் செயற்கைக்கோள் பக்கத்தைத் திறந்தேன். தலைக்கு மேல் சுத்தமான வானம். அப்படியும் சிக்னல் அளவைக் காட்டும் கம்பிகள் எல்லாம் குட்டை குட்டையாக, பாதி வெறும் கோடாக நின்றன. சிகரெட் லைட்டர் துளையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். போன் சார்ஜர், மாற்றமில்லை. சாலையைப் படம் பிடிக்கும் கேமராவான டேஷ்கேமின் ஒயரைப் பிடுங்கினேன். நான் விரலை எடுப்பதற்குள் கம்பிகள் தோட்டத்தில் நாற்று எழும்புவதுபோல மளமளவென்று ஏறின. மறுபடி சொருகினேன், இறங்கின. மூன்று தடவை செய்து பார்த்தேன், மூன்று தடவையும் அதே.

அக்டோபர் கடைசியில் மலிவாக வாங்கிய டேஷ்கேம். ஜி.பி.எஸ். சிக்னல் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வந்து சேரும்போது மிக மிக மெலிந்துபோயிருக்கும். 1575.42 மெகாஹெர்ட்ஸில் அந்தச் சின்னச் சத்தத்தைப் பெட்டி கேட்க வேண்டும். பக்கத்திலேயே உறை சரியில்லாத ஒரு மின்கருவி இரைந்துகொண்டிருந்தால் எங்கே கேட்கும்? டேஷ்கேமை நடுவில் உள்ள ரியர்வியூ கண்ணாடி ஓரத்துக்கு மாற்றி, ஒயரைப் பெட்டிக்கு ஓரடி தள்ளிக் கொண்டுபோனேன். சரியாகிவிட்டது. உங்களுக்கும் சிக்னல் போனால், பெட்டியைத் திருப்பி அனுப்புவதற்கு முன் டேஷ்கேமைப் பிடுங்கிப் பாருங்கள். நானும் திருப்பி அனுப்பத்தான் இருந்தேன்.

10 டிசம்பர் 2023

"என் காரில் டேஷ்கேம் கிடையாது, ஆனாலும் போகிறது" என்றவருக்கு: வெயிலைத் திருப்பி அனுப்ப உலோகப் பூச்சு பூசிய விண்ட்ஷீல்டா என்று பாருங்கள். அந்தப் பூச்சு இதையும் தடுக்கும். அப்படிப்பட்ட கண்ணாடிகளில் நடுக்கண்ணாடிக்குப் பின்னால் கறுப்புப் புள்ளி போட்ட இடத்தில் பூச்சு விட்டிருப்பார்கள்.

6 ஜனவரி 2024

நண்பர் ஒருவர் 2007 வாக்கில் வந்த பெட்டியை வீட்டுப் பழைய சாமான் விற்கும் கராஜ் சேலில் இருபது டாலருக்கு வாங்கிவிட்டு, தேதி இருபது வருஷம் பின்னால் காட்டுகிறது என்கிறார். ஜி.பி.எஸ். வாரங்களைப் பத்து பிட்டில் எண்ணுகிறது. 1024 வாரம் ஆனதும் மறுபடி பூஜ்யம். கடைசியாக அப்படி உருண்டது 2019 ஏப்ரல் 6 இரவு. மென்பொருள் புதுப்பிக்காத பழைய பெட்டிகள் அதில் குழம்பிப்போயின. மேப்பும் 2007தான் இருக்கும். இருபது டாலரோடு போனது, விடுங்கள்.

பழையது வாங்கினால் நூவி பெயருக்குப் பின்னால் எல்.எம்.டி. என்று இருக்கிறதா பாருங்கள். எல்.எம். என்றால் ஆயுள் முழுக்க மேப், டி. என்றால் டிராஃபிக். ஆயுள் என்பது உங்கள் ஆயுள் அல்ல, பெட்டியின் ஆயுள்.

24 பிப்ரவரி 2024

கலிபோர்னியாவின் பாலைவனப் பூங்காவான டெத் வேலி போய் வந்தோம். அப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார். முப்பது வருஷம் திருநெல்வேலிப் பக்கம் அரசு பஸ் ஓட்டியவர். முன்சீட்டை அவருக்குத்தான் விட வேண்டும்.

பேக்கர்ஸ்ஃபீல்ட், டெஹாச்சப்பி, ரிட்ஜ்கிரெஸ்ட், டிரோனா வழி. டிரோனாவிலேயே டேங்கை நிரப்பிக்கொண்டேன். அது வரைக்கும் அப்பா பெட்டியோடு சண்டை. "முன்னூறு அடின்னா யாருக்குல தெரியும்? அந்த ஆலமரத்துக்கிட்ட ஒடி, இந்தக் கோயில் தாண்டித் திரும்புன்னு சொல்லணும்." உண்மையில் இப்போது வரும் பெட்டிகள் சிலது சிக்னல் கம்பத்தையும் கடையையும் அடையாளம் வைத்துச் சொல்கின்றன. அமைப்பில் அதைப் போட்டுக் காட்டினேன். பேக்கர்ஸ்ஃபீல்டில் இரண்டு இடத்தில் அது சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினார். பாலைவனத்தில் அடையாளம் சொல்ல ஒன்றுமே இல்லை. மறுபடி முன்னூறு அடிதான்.

பானமின்ட் பள்ளத்தாக்கில் இறங்கியதும் எல்லோர் போனும் செத்துவிட்டது. பெட்டி மட்டும் உயிரோடு இருந்தது. நான் பெருமையாக அப்பாவைப் பார்த்தேன். அப்போதுதான் வலது பக்கம் ஒரு கிளைச் சாலையில் திரும்பச் சொன்னது, இருபது நிமிடம் மிச்சமாம். திரும்பிச் சிறிது தூரம் போனதும் குறுக்கே சாலை மூடல் பலகை. பலகைக்கு ஓரமாக ஒரு கார் நுழையும் அளவு இடம் இருந்தது, டயர் தடமும் இருந்தது. பெட்டி நேராகப் போ என்றே காட்டிக்கொண்டிருந்தது. நான் காரை மெதுவாக்கி யோசித்தேன். யோசித்திருக்கவே கூடாது.

அப்பா கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "ஏல, ரோடு போட்டவனே ரோட்ட அடச்சி வச்சிருக்கான். பொட்டி சொல்லுதுன்னு போவியா? வண்டியத் திருப்பு" என்றார். திருப்பினேன்.

போன வருஷம் ஆகஸ்ட் 20 அன்று ஹிலாரி புயல் மழையில் அந்தப் பூங்காவின் சாலைகள் பல அரித்துப்போயின. அக்டோபர் 15 வரை பூங்காவையே மூடி வைத்திருந்தார்கள். அதன் பிறகும் பல கிளைச் சாலைகள் திறக்கவில்லை. பெட்டிக்குள் இருக்கும் மேப்புக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. அந்தச் சாலை அதற்கு இன்னும் முழுசாக இருக்கிறது.

கடல்மட்டத்துக்கு 282 அடி கீழே இருக்கிற பேட்வாட்டரில், உப்புத் தரை இருக்க வேண்டிய இடத்தில் ஏரி நின்றது. ஆட்கள் கயாக் என்ற துடுப்புப் படகு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் வரை இறங்கி, ஒரு கை தண்ணீரை நாக்கில் தொட்டுப் பார்த்துவிட்டு, "தூத்துக்குடி அளத்துத் தண்ணிய விடக் கரிக்கி" என்றார்.

25 பிப்ரவரி 2024

"அப்போ பெட்டி ஏமாற்றிவிட்டது, போனே மேல்" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். சிக்னல் செத்த போன் அங்கே ஒன்றும் சொல்லியிருக்காது. அதே பெட்டிதான் பெரிய சாலைக்குத் திரும்பியதும் பூங்காவுக்குள் இருக்கும் ஸ்டவ்பைப் வெல்ஸ் கேஸ் ஸ்டேஷன் எத்தனை மைல் என்று காட்டியது. அது இல்லாமல் அந்தப் பள்ளத்தாக்கில் குடும்பத்தோடு போக மாட்டேன்.

ஆனால் அக்டோபரில் நான் எழுதியதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அதை அடைக்க வேண்டும். மேப் வயிற்றுக்குள் இருக்கிறது என்று கொண்டாடினேன். சாலை திறந்திருக்கிறதா என்பது அந்த வயிற்றுக்குள் இல்லை. யோசெமிட்டி பூங்காவின் மலைக் கணவாய் வழியாகப் போகும் டியோகா பாஸ் சாலை பனிக்காக வருஷா வருஷம் மாதக்கணக்கில் மூடியே கிடக்கும். 2023ல் ஜூலை 22 அன்றுதான் திறந்தார்கள். அப்படிப்பட்ட சாலைகளுக்குக் கிளம்புமுன், சிக்னல் இருக்கும்போதே, மாநில நெடுஞ்சாலைத் துறையான கால்டிரான்ஸின் பக்கத்தையும் பூங்காவின் பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். டெத் வேலிப் பூங்காவே தன் பக்கத்தில் ஜி.பி.எஸ்ஸை நம்பாதே, காகித மேப் வைத்துக்கொள் என்று எழுதி வைத்திருக்கிறது. ஃபர்னஸ் கிரீக் தகவல் மையத்தில் அப்பா ஒரு காகித மேப் வாங்கி, திரும்பி வரும் வழி முழுக்க மடியில் விரித்து, தாண்டிய ஊரையெல்லாம் விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். இரண்டு இடத்தில் பெட்டிக்கு முன்பே அவர் திருப்பத்தைச் சொன்னார்.

அமைப்பில் மண் சாலைகளைத் தவிர் என்று ஒன்று இருக்கும். வாங்கிய அன்றே அதைப் போட்டுவிடுங்கள். குறுகிய வழி என்பதை எடுத்துவிட்டு வேகமான வழி என்று வையுங்கள்.

11 மே 2024

படுக்கை, சமையலறையோடு வரும் பெரிய வண்டியான ஆர்.வி. வாடகைக்கு எடுக்கிறவருக்கு: கார் பெட்டியை அதில் வைக்காதீர்கள். பாலத்தின் உயரம் அதற்குத் தெரியாது. ஆர்.விக்கும் லாரிக்கும் தனிப் பெட்டிகள் உண்டு, கார்மினில் லாரிக்கு டெஸல். வண்டியின் உயரம், நீளம், எடையைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் வழி போடும். உயரத்தைக் கம்பெனி தாளில் பார்த்தது போதாது. கூரை மேல் உள்ள ஏசியையும் சேர்த்து டேப் பிடித்து அளந்து போடுங்கள்.

14 ஜூலை 2024

வெயில் காலம், அதனால் இது. நிறுத்திய காரில் டேஷின் மேல் பெட்டியை விட்டுப் போகாதீர்கள். உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி, வெந்து உப்பிவிடும். வெளியே தெரிந்தால் கண்ணாடியை உடைத்து எடுப்பவர்களும் உண்டு, ஸ்டாண்டையும் சேர்த்து உள்ளே வையுங்கள். சக்‌ஷன் கப்பை ஒட்டுகிறவர்கள் அதன் வட்டத் தடத்தையும் துடைத்துவிடுங்கள், அதைப் பார்த்தே உள்ளே பெட்டி இருக்கும் என்று தெரிந்துகொள்கிறார்கள்.

வீட்டு முகவரியை எப்படிப் போடுவது என்று கேள்வி கேட்டவர் திரும்ப வந்து கேட்டிருக்கிறார். போடாதீர்கள். பெட்டி திருடு போனால் "வீடு" என்ற பொத்தானை அழுத்தினாலே உங்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள், கராஜ் ரிமோட்டும் அதே காரில்தான் கிடக்கும். நான் தெருமுனைக் கேஸ் ஸ்டேஷனைத்தான் வீடு என்று போட்டிருக்கிறேன்.